துணைக்கு வரும் வழக்கறிஞர் எங்கிருந்து வருகிறார்?

எட்டாம் வகுப்பு சமூக அறிவியல், குடிமையியல் பகுதியில் 'நீதித்துறை' பாடம் இருக்கிறது. அதை நடத்தும்போது இலவச சட்ட உதவியைப் பற்றியும் சொல்கிறோம். பணம் இல்லாதவருக்கு அரசே வழக்கறிஞரை ஏற்பாடு செய்யும் என்பது ஒரே ஒரு வரி. மாணவர்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார்கள். தேர்விலும் பிழையில்லாமல் எழுதிவிடுகிறார்கள். ஆனால் அந்த ஏற்பாட்டில் வந்து நிற்கும் வழக்கறிஞர் யார்? அவர் படித்த கல்லூரி யாரையெல்லாம் சேர்த்துக்கொண்டது, யாரை வாசலிலேயே நிறுத்தியது? எதிரில் கைகட்டி நிற்பவர் பேசுவது அவருக்குப் புரியுமா? இவற்றை வகுப்பில் பேசாவிட்டால் அந்த ஒரு வரி மனப்பாடமாகவே நின்றுவிடும்.

இதற்காக நான் இரண்டு பாடவேளைகளை ஒதுக்குகிறேன். எடுத்துக்கொள்வது அமெரிக்காவின் வரலாறு. நம் ஊர் உதாரணம் கிடைக்காமல் அல்ல. 'நம் ஊரில் யார் யாருக்கு எந்தக் கதவு மூடியிருந்தது?' என்று நேரடியாகக் கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். சில பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்வார்கள். தூரத்து ஊரைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் பேசுகிறார்கள். பேசிக்கொண்டே தாமாக அருகில் வந்துவிடுகிறார்கள். இன்னொரு வசதியும் உண்டு. அந்த நாட்டின் தீர்ப்புகளில் நாற்காலி, நூலகம், சம்பளம் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும் சின்னச் சின்ன விவரங்கள் நிறைய இருக்கின்றன.

எல்லோரையும் நியமித்தால்

1931 மார்ச் 25. அமெரிக்காவின் தெற்கே அலபாமா மாநிலத்தில் ஒரு சரக்கு ரயிலிலிருந்து ஒன்பது கறுப்பின இளைஞர்கள் இறக்கிக் கைது செய்யப்பட்டார்கள். அதே ரயிலில் வந்த இரண்டு வெள்ளையினப் பெண்களிடம் பாலியல் வன்முறை செய்ததாகக் குற்றச்சாட்டு. (வகுப்பில் நான் 'மரண தண்டனைக்குரிய கடுமையான குற்றம், அது பொய்க் குற்றச்சாட்டு' என்று மட்டும் சொல்கிறேன்.) ஒன்பது பேரில் மிகச் சிறியவனுக்கு வயது சுமார் 13. இதைச் சொன்னதும் வகுப்பில் ஒரு சலசலப்பு எழும், அது அவர்களுடைய வயது.

கைதான பன்னிரண்டாவது நாளே ஸ்காட்ஸ்பரோ என்ற சிற்றூரில் விசாரணை தொடங்கியது. நான்கு நாள்களில் எட்டுப் பேருக்கு மரண தண்டனை. இவர்களுக்கு வழக்கறிஞர் இல்லையா என்றால், ஏட்டில் இருந்தார்கள். ஊரிலுள்ள வழக்கறிஞர்கள் அனைவரையும் தான் நியமித்திருப்பதாக நீதிபதி சொல்லிவிட்டார். விசாரணை அன்று வந்து நின்றவர்கள் இருவர். ஒருவர் பக்கத்து மாநிலத்திலிருந்து வந்த, நிலம் வீடு தொடர்பான வேலைகளைப் பார்க்கும் வழக்கறிஞர். தான் தயாராக வரவில்லை என்றும், அலபாமாவின் நடைமுறை தனக்குப் பழக்கமில்லை என்றும் அவரே சொன்னார். மற்றவர் உள்ளூரைச் சேர்ந்த முதியவர்.

இங்கே நிறுத்தி மாணவர்களிடம் கேட்பேன்: "வகுப்பைப் பெருக்குவது எல்லோருடைய பொறுப்பு என்று சொன்னால் நாளைக் காலை யார் பெருக்குவார்கள்?" பதில் சொல்ல அவர்களுக்கு ஒரு நொடிகூட ஆவதில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1932-ல் ஏறக்குறைய இதையே சொன்னது. பவல் எதிர் அலபாமா என்ற அந்தத் தீர்ப்பின்படி, உயிர் போகும் வழக்கில் ஏழையாக இருப்பவருக்கு நீதிமன்றம் வழக்கறிஞரை நியமிக்க வேண்டும். அந்த நியமனம் பயனுள்ளதாகவும் இருக்க வேண்டும்.

வழக்கு அதோடு முடியவில்லை. மறுவிசாரணையில் வாதாடிய சாமுவேல் லீபோவிட்ஸ் நியூயார்க்கைச் சேர்ந்த வெள்ளையின வழக்கறிஞர். அந்த மாவட்டத்தில் எவருக்கும் நினைவு தெரிந்து ஒரு கறுப்பினத்தவர்கூட நடுவர் குழுவில் அமர்ந்ததில்லை என்பதை அவர் எடுத்துக்காட்டினார். மறுதரப்பு நடுவர் பட்டியலைக் காட்டியது. அதில் சில கறுப்பினத்தவர் பெயர்கள் இருந்தன. ஆனால் அவை பின்னாளில் நுழைக்கப்பட்டவை. 1935-ல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் அந்தப் பதிவேட்டை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். வருகைப் பதிவேட்டில் திருத்தம் செய்தால் எப்படித் தெரியும் என்பதை அறிந்த நம் பிள்ளைகளுக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கிறது. எட்டுப் பேரில் எவரும் தூக்கில் ஏற்றப்படவில்லை. ஆனால் பலருடைய இளமை சிறையிலேயே கழிந்தது. எஞ்சியிருந்த கடைசி மூவரின் மீதான களங்கத்தை அலபாமா மாநிலம் மன்னிப்பு வழங்கி நீக்கியது 2013-ல்தான். அப்போது அவர்களில் ஒருவரும் உயிரோடு இல்லை.

முதல் பாடவேளையின் மையக் கேள்வி இங்குதான் வருகிறது. அந்த நீதிமன்ற அறையில் நீதிபதி, அரசு வழக்கறிஞர், எதிர்தரப்பு வழக்கறிஞர், பன்னிரண்டு நடுவர்கள் அனைவரும் வெள்ளையினத்தவர். குற்றம் சாட்டப்பட்டவர்கள் மட்டும் கறுப்பினத்தவர். ஏன் ஒரு கறுப்பின வழக்கறிஞர்கூட அங்கே இல்லை?

இரவுப் பள்ளி பகல் பள்ளியான கதை

இல்லாததற்குக் காரணம் எளிமையானது. தென் மாநிலங்களின் அரசுச் சட்டக் கல்லூரிகளில் அவர்களுக்கு இடமில்லை. 'தனித்தனி, ஆனால் சமம்' என்ற ஏற்பாட்டை 1896-ல் உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டிருந்தது. தனி என்பது நடந்தது. சமம் என்பது நடக்கவில்லை. சட்டப் படிப்பைப் பொறுத்தவரை பல மாநிலங்களில் தனிக் கல்லூரிகூடக் கிடையாது.

வாஷிங்டனில் இருந்த ஹோவர்ட் பல்கலைக்கழகத்தின் சட்டப் பள்ளி கறுப்பின மாணவர்களைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் அது பகலில் வேலைக்குப் போகிறவர்கள் மாலையில் வந்து படிக்கும் பள்ளி. 1929-ல் அதன் துணை முதல்வர் பொறுப்புக்கு வந்தவர் சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன். முதல் உலகப் போரில் இராணுவ அதிகாரியாக இருந்தபோது, தன் நாட்டுப் படையே தன்னையும் தன்னைப் போன்றவர்களையும் நடத்திய விதத்தைப் பார்த்துச் சட்டம் படிக்க முடிவெடுத்தவர். ஹார்வர்டில் படித்தார். அங்கே வெளிவரும் புகழ்பெற்ற சட்ட இதழின் ஆசிரியர் குழுவில் இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர்.

ஹூஸ்டன் ஹோவர்டில் செய்தது ஆசிரியர்களாகிய நாம் ஊன்றிப் பார்க்க வேண்டியது. மாலைப் பள்ளியை முழுநேரப் பள்ளியாக்கினார். பாடத்திட்டத்தைக் கடினமாக்கினார். இரண்டே ஆண்டுகளில் அதற்கு முறையான அங்கீகாரம் கிடைத்தது. மாணவர்களுக்கு அது எளிதாக இல்லை, பலர் பாதியிலேயே வெளியேறினார்கள். வெள்ளையின வழக்கறிஞருக்குச் சமமாக இருந்தால் போதாது, நீதிமன்றத்தில் ஒரு சிறு பிழைக்கும் இடம் தரக் கூடாது என்பது அவர் நிலை. இதை நான் முழுமையாக ஏற்கிறேனா என்று கேட்டால், பாதிதான். வாய்ப்பு மறுக்கப்பட்டவர் இரண்டு மடங்கு திறமையைக் காட்டினால்தான் உள்ளே வர முடியும் என்பதே ஓர் அநீதி. ஆனால் 1930-ல் அவர் கையில் வேறு கருவி இல்லை.

அவருக்கு இன்னொரு கருவி பின்னர் கிடைத்தது: திரைப்படக் கருவி. 1930-களின் நடுவில் தென் கரோலினாவின் கிராமப்புறங்களுக்குப் போய், வெள்ளையினப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டடங்களையும் கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிகளையும் படம்பிடித்துக் கொண்டுவந்தார். 'சமம்' என்ற சொல்லுக்கு எதிரான சாட்சியம் அது. ஒரு வழக்கறிஞர் வாதாடும் முன் பள்ளிகளைப் போய்ப் பார்த்தார் என்பதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்வது வழக்கம்.

அவருடைய மாணவர்களில் ஒருவர் தர்குட் மார்ஷல். பால்டிமோர் நகரத்தைச் சேர்ந்தவர். அவர் ஊரிலேயே மேரிலாண்ட் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளி இருந்தது, ஆனால் அங்கே கறுப்பினத்தவரைச் சேர்ப்பதில்லை. தினமும் வாஷிங்டனுக்கு ரயிலில் போய்ப் படித்தார். அவருடைய அம்மா ஒரு பள்ளி ஆசிரியை. மகனின் கட்டணத்துக்காகத் தன் மோதிரங்களை அவர் அடகு வைத்தார் என்று மார்ஷலின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1933-ல் மார்ஷல் முதல் மாணவராகத் தேறினார். இரண்டே ஆண்டுகளில், 1935-ல், ஆசிரியர் ஹூஸ்டனும் மாணவர் மார்ஷலும் சேர்ந்து அதே மேரிலாண்ட் சட்டப் பள்ளிக்கு எதிராக வழக்காடினார்கள். டொனால்ட் முர்ரே என்ற கறுப்பின மாணவருக்கு இடம் வாங்கிக் கொடுத்தார்கள். 'தனித்தனியாக இருக்கட்டும், சரி. தனிச் சட்டக் கல்லூரி எங்கே? இல்லையென்றால் இருக்கும் கல்லூரியில் சேர்த்துக்கொள்' என்பதே வாதம். மாநிலத்தின் மேல் நீதிமன்றம் 1936 தொடக்கத்தில் அதை உறுதி செய்தது.

ஆசிரியர்கள் தொடுத்த வழக்கு

இந்தப் பகுதியை மாணவர்களுக்குச் சுருக்கமாகத்தான் சொல்கிறேன். ஆசிரியர்களாகிய நமக்காக இங்கே சற்று விரித்து எழுதுகிறேன். ஹூஸ்டனும் மார்ஷலும் நடத்திய வழக்குகளில் பெரும் பங்கு ஆசிரியர்களின் சம்பள வழக்குகள். வர்ஜீனியா மாநிலத்தின் நார்போக் நகரத்தில் வெள்ளையின ஆசிரியருக்கு ஒரு சம்பளம், அதே தகுதியுள்ள கறுப்பின ஆசிரியருக்கு வேறு சம்பளம். 1939-ல் அலைன் பிளாக் என்ற வேதியியல் ஆசிரியை வழக்குத் தொடுத்தார். அவருடைய பணி ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. வேலையில் இல்லாதவர் சம்பளத்துக்கு எப்படி வழக்காடுவது? அந்த வழக்கு அங்கேயே நின்றது. அவருடைய வேலை நீக்கத்தைக் கண்டித்து நடந்த ஊர்வலத்தில் பள்ளிப் பிள்ளைகள் பதாகைகளோடு நடந்தார்கள்.

அடுத்து மெல்வின் ஆல்ஸ்டன் என்ற ஆசிரியர் முன்வந்தார். உயர்நிலைப் பள்ளி ஆசிரியரான அவருடைய ஆண்டுச் சம்பளம் 921 டாலர். அதே பணியிலிருந்த வெள்ளையின ஆண் ஆசிரியருக்குக் குறைந்தது 1,200 டாலர். 1940-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த வேறுபாடு இனத்தின் அடிப்படையிலானது, அரசமைப்புக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. இத்தகைய வழக்குகளுக்குப் பணம் தந்தது யார்? கறுப்பின ஆசிரியர் சங்கங்கள். குறைந்த சம்பளத்திலிருந்து சந்தா பிடித்து, வழக்கறிஞருக்கு ரயில் கட்டணம் கொடுத்து அழைத்தார்கள். அரசின் சட்ட உதவித் திட்டம் அந்த நாட்டில் வருவதற்கு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே, ஒரு சட்ட உதவி அமைப்பை ஆசிரியர்கள் தாங்கி நின்றிருக்கிறார்கள்.

கரும்பலகையில் இரண்டு கல்லூரிகள்

இரண்டாவது பாடவேளையைக் கரும்பலகையில் ஒரு கோடு கிழித்துத் தொடங்குகிறேன். இடப்பக்கம் டெக்சாஸ் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளி. முழுநேரப் பேராசிரியர்கள் 16 பேர், மாணவர்கள் 850 பேர், நூலகத்தில் 65,000-க்கு மேற்பட்ட நூல்கள். வலப்பக்கம், ஹெமன் ஸ்வெட் என்ற கறுப்பினத் தபால்காரர் அங்கே இடம் கேட்டதால் அவசரமாகத் தொடங்கப்பட்ட தனிச் சட்டப் பள்ளி. பேராசிரியர்கள் 5, மாணவர்கள் 23, நூல்கள் சுமார் 16,500. பழைய மாணவர்களில் வழக்கறிஞராகப் பதிவு செய்தவர் ஒருவர். ஒரே ஒருவர்.

"இரண்டும் சமமா?" என்று கேட்டால் கணக்குப் போட்டு இல்லை என்பார்கள். உடனே அடுத்த கேள்வி: "வலப்பக்கப் பள்ளிக்கு இன்னும் 50,000 நூல்கள் வாங்கிக் கொடுத்து, 11 பேராசிரியர்களையும் போட்டால் சமமாகிவிடுமா?" வகுப்பு இரண்டாகப் பிரியும். இந்தக் கேள்விக்குக் குறைந்தது பத்து நிமிடம் கொடுக்க வேண்டும். ஆசிரியர் அவசரப்பட்டு விடையைச் சொல்லிவிடக் கூடாது.

1950 ஜூன் 5-ல் வந்த ஸ்வெட் வழக்கின் தீர்ப்பு எண்களோடு நிற்கவில்லை. ஒரு சட்டப் பள்ளியின் மதிப்பு அளக்க முடியாதவற்றிலும் இருக்கிறது என்றது: அதன் பெயர், அதன் பழைய மாணவர்கள், அங்கே யாரோடு சேர்ந்து படிக்கிறோம் என்பது. புதிய பள்ளியில் படிப்பவர் மாநில மக்கள் தொகையில் 85 விழுக்காட்டினரோடு சேர்ந்து படிக்க முடியாது. நாளை அவர் தொழிலில் சந்திக்கப்போகும் வழக்கறிஞர்கள், சாட்சிகள், நடுவர்கள், நீதிபதிகளில் பெரும்பாலோர் அந்த 85-க்குள்தான் இருக்கிறார்கள். அவர்களை அறியாமல் ஒருவர் எப்படி வழக்கறிஞர் ஆவது?

அதே நாளில் இன்னொரு தீர்ப்பும் வந்தது. ஜார்ஜ் மெக்லாரின் ஓர் ஆசிரியர். முதிய வயதில் கல்வியியலில் முனைவர் பட்டம் பெற ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். நீதிமன்றம் சொன்னதால் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் வகுப்பறையில் அல்ல, வகுப்பறையை ஒட்டிய சிறு அறையில் நாற்காலி போட்டார்கள். நூலகத்தில் வாசிப்புக் கூடத்தில் அமரக் கூடாது, இடைத்தளத்தில் ஒரு மேசை. உணவகத்தில் தனி மேசை, தனி நேரம். வழக்கு மேலே போகப் போக நாற்காலி கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்தது. கடைசியில் வகுப்புக்குள்ளேயே, கறுப்பினத்தவருக்கென்று ஒதுக்கிய வரிசையில் வந்து நின்றது. உச்ச நீதிமன்றம் இதையும் ஏற்கவில்லை. சக மாணவர்களோடு பேசி, விவாதித்துக் கற்பதை இந்த ஏற்பாடு தடுக்கிறது என்றது. தீர்ப்பில் ஒரு கருத்து நம்மைப் பற்றியது: இவர் நாளை மற்றவர்களுக்குக் கற்பிக்கப் போகிறவர்; இவர் பெறும் கல்வியில் குறை இருந்தால் அது இவரிடம் கற்பவர்களையும் பாதிக்கும்.

அதே பல்கலைக்கழகத்தின் சட்டப் பள்ளியில் 1949-ல் சேர்ந்த அடா லோயிஸ் சிப்புயெல் என்ற பெண்ணுக்கும், பின்னால் காலி வரிசைகளுக்கு அப்பால், அறிவிப்பு மாட்டிய தனி இருக்கைதான் கிடைத்தது. 1951-ல் பட்டம் பெற்றார். 1992-ல் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக் குழு உறுப்பினராகவே நியமிக்கப்பட்டார். ஹூஸ்டனுக்கு இத்தகைய வாய்ப்பு இல்லை. ஸ்வெட், மெக்லாரின் தீர்ப்புகளுக்கு ஆறு வாரம் முன்பு, 54 வயதில் அவர் இறந்துபோனார்.

உள்ளே இருந்த கதவுகள்

ஒடுக்கப்பட்டவருக்காக வாதாடும் குழுவுக்குள்ளேயே ஒதுக்கல் இருக்க முடியுமா? முடியும். ஹோவர்ட் சட்டப் பள்ளியில் பாலி முர்ரே சேர்ந்தபோது வகுப்பில் அவர் மட்டுமே பெண். பெண்கள் ஏன் சட்டம் படிக்க வருகிறார்கள் என்று தெரியவில்லை என ஒரு பேராசிரியர் முதல் நாளே சொன்னார். இன ஒதுக்கலுக்கு அந்த நாட்டில் 'ஜிம் குரோ' என்ற பெயர் இருந்தது. பெண்ணாக இருப்பதால் நேர்வதற்கு முர்ரே 'ஜேன் குரோ' என்று பெயர் வைத்தார். 'தனித்தனி' என்பதையே நேரடியாகத் தகர்க்க வேண்டும் என்று வகுப்பில் அவர் சொன்னபோது சக மாணவர்கள் சிரித்தார்கள். 25 ஆண்டுக்குள் அது தகரும் என்று தன் பேராசிரியரோடு பத்து டாலர் பந்தயம் கட்டினார். 1944-ல் முதல் மாணவியாகத் தேறினார். முதல் மாணவர் மேற்படிப்புக்கு ஹார்வர்டு போவது வழக்கம். பெண் என்பதால் ஹார்வர்டு அவரைச் சேர்க்கவில்லை. 1954-ல், பத்தே ஆண்டில், பிரவுன் வழக்கில் பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. அந்த வழக்கைத் தயாரித்தவர்கள் முர்ரேயின் மாணவப் பருவக் கட்டுரையை எடுத்துப் படித்திருந்தார்கள். அவருக்கு அது பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது.

கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி 1945-ல், மாணவியாக இருக்கும்போதே மார்ஷலின் சட்டப் பாதுகாப்பு அமைப்பில் சேர்ந்தார். 1961-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வாதாடிய முதல் கறுப்பினப் பெண் ஆனார். அவர் அங்கே வாதாடிய முதல் வழக்கு எது என்று பாருங்கள்: மரண தண்டனை வழக்கில், குற்றச்சாட்டை வாசித்துப் பதில் கேட்கும் கட்டத்திலேயே வழக்கறிஞர் துணை இருக்க வேண்டும் என்ற வழக்கு. மாநிலம் அதே அலபாமா. ஸ்காட்ஸ்பரோவில் ஒன்பது பேர் தனியாக நின்று முப்பது ஆண்டுகளுக்குப் பின், அவர்களைப் போன்ற ஒருவருக்காக நீதிமன்றத்தில் எழுந்து நின்றவர் அவர். ஒருமனதான தீர்ப்போடு வென்றார். இந்த இரண்டு ஆண்டுகளையும், 1931, 1961, கரும்பலகையில் அடுத்தடுத்து எழுதிவிட்டு நான் சும்மா இருந்துவிடுகிறேன்.

1963-ல் கிடியன் வழக்கு. புளோரிடா சிறையிலிருந்து ஓர் ஏழைக் கைதி பென்சிலால் மனு எழுதி அனுப்பினார். தனக்கு வழக்கறிஞர் தரப்படவில்லை என்பது முறையீடு. கடுமையான குற்ற வழக்குகள் எல்லாவற்றிலும் ஏழைகளுக்கு மாநிலமே வழக்கறிஞரைத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. வழக்கறிஞரோடு மறுபடி விசாரணைக்கு வந்த கிடியன் விடுதலையானார். அவர் வெள்ளையினத்தவர்.

அப்போது என் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "டீச்சர், கறுப்பினத்தவருக்குக் கறுப்பின வழக்கறிஞர்தான் வேண்டுமென்றால், அதுவும் பிரித்து வைப்பதுதானே?" நான் பதில் சொல்லவில்லை, வகுப்பிடமே விட்டேன். லீபோவிட்ஸ் வெள்ளையினத்தவர், அவர் நன்றாகத்தானே வாதாடினார் என்றான் ஒருவன். கறுப்பினத்தவருக்காகப் போராடி வாங்கிய உரிமை வெள்ளையினக் கிடியனுக்கும் கிடைத்ததே என்றாள் இன்னொருத்தி. பின்வரிசையிலிருந்து வந்த பதிலை நான் குறித்து வைத்திருக்கிறேன்: "யார் வேண்டுமானாலும் வரட்டும். ஆனால் நம்மில் ஒருத்தர்கூட அந்தக் கூட்டத்தில் இல்லையென்றால், வருகிறவரிடம் தப்பு இருந்தால் யார் சொல்வது?" இதைவிடத் தெளிவாக என்னால் சொல்லியிருக்க முடியாது.

மொழி தெரிந்தவர்

அமெரிக்க அரசின் வறுமை ஒழிப்புத் திட்டத்தின் பகுதியாக 1965-ல் ஏழைகளுக்கான சட்ட உதவி நாடெங்கும் விரிந்தது. அதன் கீழ் 1967-ல் நவஹோ பழங்குடியினரின் நிலப்பகுதியில் ஓர் அமைப்பு தொடங்கியது. நவஹோ மொழியில் அதன் நீண்ட பெயருக்கு, மக்களின் வாழ்வு மீண்டும் செழிக்க உழைக்கும் வழக்கறிஞர்கள் என்பது போன்ற பொருள். சுருக்கப் பெயர் டி.என்.ஏ. (அறிவியல் பாடத்தில் வரும் டி.என்.ஏ-வா என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது கேட்பார்கள்.) முதல் இயக்குநர் வெளியிலிருந்து வந்த இளம் வழக்கறிஞர். 1968-ல் பழங்குடி நிர்வாகமே அவரை எல்லையைவிட்டு வெளியேற்றியது. நீதிமன்றம் போய்த்தான் அவர் திரும்ப முடிந்தது. நல்ல எண்ணத்தோடு வருபவருக்கும் ஊர் உடனே கதவைத் திறந்துவிடுவதில்லை.

அங்கே பெரியவர்கள் பலருக்கு நவஹோ மொழி மட்டுமே தெரியும். ஆகவே சட்டப் பட்டம் இல்லாத நவஹோ மக்களைப் பயிற்றுவித்து, பழங்குடி நீதிமன்றங்களில் வாதாடும் துணைவர்களாக அந்த அமைப்பு பணியில் வைத்தது. பீட்டர்சன் ஜா என்ற நவஹோ இளைஞர் வழக்கறிஞர் அல்ல. அவரே பின்னர் அந்த அமைப்பின் இயக்குநராகி, பல ஆண்டுகள் நடத்தினார். பிற்காலத்தில் நவஹோ தேசத்தின் முதல் குடியரசுத் தலைவரும் ஆனார். இந்த அமைப்பு உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோன ஒரு வழக்கு, ரோசலிண்ட் மெக்ளனகன் என்ற நவஹோ பெண்ணின் சம்பளத்தில் அரிசோனா மாநிலம் பிடித்த வரியைப் பற்றியது. தொகை சுமார் 16 டாலர். பழங்குடி நிலத்தில் ஈட்டிய அந்த வருமானத்துக்கு மாநிலம் வரி போட முடியாது என்று 1973-ல் தீர்ப்பு வந்தது. பதினாறு டாலருக்காக யார் பெரிய வழக்கறிஞரை அமர்த்துவார்கள்? இலவச சட்ட உதவி எதற்கு என்பதை விளக்க இதைவிட நல்ல கணக்கு எனக்குக் கிடைக்கவில்லை.

நம் பாடத்துக்குத் திரும்பும்போது

இவ்வளவும் ஆனபின் பாடநூலைத் திறந்தால் பிள்ளைகள் வேறு கண்ணோடு படிக்கிறார்கள். இந்திய அரசமைப்பில் 39அ பிரிவு 1976-ல் 42-வது திருத்தத்தின் மூலம் வந்தது. பொருளாதாரம் அல்லது வேறு எந்தக் குறைபாட்டினாலும் ஒருவருக்கு நீதி மறுக்கப்படாதிருக்க இலவச சட்ட உதவி தர வேண்டும் என்கிறது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1995 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தின் 12-வது பிரிவின்படி பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்போர் ஆகியோர் இலவச சட்ட உதவி பெறலாம். உதவி எண் 15100. இதை மாணவர்கள் நாள்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொள்ளச் சொல்கிறேன்.

தேசிய சட்டப் பணிகள் ஆணையம் 2009 முதல் சட்டம் சார்ந்த தன்னார்வலர்களைப் பயிற்றுவிக்கிறது. இவர்கள் வழக்கறிஞர்கள் அல்ல. ஊரில் இருந்துகொண்டு, உதவி தேவைப்படுபவரைச் சட்டப் பணிகள் குழுவோடு இணைப்பவர்கள். யார் யார் தன்னார்வலர் ஆகலாம் என்ற பட்டியலில் அங்கன்வாடிப் பணியாளர்கள், மகளிர் சுய உதவிக் குழுவினர், திருநர், நீண்ட தண்டனை பெற்றுச் சிறையில் நன்னடத்தையோடு இருக்கும் படித்தவர்கள்கூட இருக்கிறார்கள். பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், சிறுபான்மையினர், பிற்படுத்தப்பட்டோருக்கு இயன்றவரை முன்னுரிமை தர வேண்டும் என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. அந்தப் பட்டியலில் ஆசிரியர்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் இருக்கிறார்கள்.

மதிப்பீட்டுக்கு நான் 'சட்ட உதவி பற்றிக் குறிப்பு வரைக' என்று கேட்பதில்லை. இப்படிக் கேட்கிறேன்: "உங்கள் வட்டத்தில் ஐந்து தன்னார்வலர்களை நியமிக்கும் பொறுப்பு உங்களிடம் உள்ளது. எந்தெந்தத் தெருவிலிருந்து, என்னென்ன மொழி பேசுபவர்களை, என்ன வேலை செய்பவர்களை எடுப்பீர்கள்? ஏன்?" பெயர் எழுதக் கூடாது, தெருவும் வேலையும் மட்டும் என்பது நிபந்தனை. சென்ற முறை ஒரு குழு செங்கல் சூளையில் இருக்கும் ஒடிசா தொழிலாளர்களுக்காக ஒடியா தெரிந்தவர் ஒருவரைக் கேட்டது. இன்னொரு குழு காது கேளாதோருக்காகச் சைகை மொழி தெரிந்தவர் வேண்டும் என்றது. ஐந்து இடங்களும் ஒரே தெருவுக்குப் போயிருந்த ஒரு குழுவின் தாளை, மற்றவர்கள் கையிலெடுத்து, கரும்பலகையில் இருந்த 85 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அந்தக் குழு தன் பட்டியலை வாங்கிக்கொண்டு போய் மறுநாள் திருத்திக் கொண்டுவந்தது.

நவம்பர் 9 தேசிய சட்டப் பணிகள் நாள். அதையொட்டி வட்ட சட்டப் பணிகள் குழுவுக்குத் தலைமையாசிரியர் வழியாகக் கடிதம் எழுதினால், பள்ளிக்கு வந்து பேச வழக்கறிஞரையோ தன்னார்வலரையோ அனுப்பக் கேட்கலாம். வருபவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை மாணவர்கள் முதல் நாளே எழுதி வைத்திருப்பது நல்லது. எங்கள் வகுப்பின் தாளில் முதலில் இருந்த கேள்வி இது: "நீங்கள் எந்த ஊர், எப்படி வழக்கறிஞர் ஆனீர்கள்?"